ஹீற்றருக்கு ஒரு செபமாலை

நோர்வேக்காரருக்கு ஒரு ஆசை உண்டு. நன்றாகச் சூடாக்கி வைத்திருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டு, சூடில்லாத மரக்குடில் ஒன்றைத் தேடி மலைக்குப் போவார்கள். அங்கே விறகு பிளந்து, பனியை அள்ளி உருக்கிக் கோப்பி வைத்துக் குடித்து, மூக்கு நுனி சிவந்து, என்ன சுகம் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்கள். எனக்கு அப்படி ஒரு நேர்த்திக்கடனும் இருந்ததில்லை. நான் ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலை செய்கிறவன். உறைந்த மீனுக்கும் உறைந்த பட்டாணிக்கும் நடுவே, விண்வெளிக்குப் போகிறவன் மாதிரி உடுத்துக்கொண்டு, வாரம் முழுக்கச் சம்பளத்துக்கு விறைக்கிறேன். விடுமுறையில் சும்மா விறைக்க எனக்கென்ன விசரா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அப்படித் திரிந்தவன்தான் கடைசியில் ஒரு பூபில் வாங்கினேன்.

பூபில் என்றால் பெரிய விசயம் ஒன்றுமில்லை. ஒரு வான் வண்டிக்குள் கட்டில், அடுப்பு, மேசை, கழிப்பறை எல்லாவற்றையும் திணித்துவிட்டு, மிச்சமிருக்கிற இடத்தில் மனிதர் பக்கவாட்டாக நடக்கலாம் என்று அனுமதி கொடுத்திருப்பார்கள். எங்களுடையது பழையது. விற்ற கிழவர் அதன் பக்கத்தைத் தடவித் தடவிக் கண் கலங்கினார். இதற்குள் நாங்கள் ஒருநாளும் குளிர்ந்ததில்லை என்றார். விற்கிற மனிதன் வேறென்ன சொல்வான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த மனிதர் சொன்னது முழு உண்மை என்று எனக்கு விளங்க அந்த வருடம் முடியவேண்டியிருந்தது.

வாங்கச் சொன்னது மனைவி. அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். திங்கட்கிழமை போனால், வார இறுதிக்கு எங்கே போனாய் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்களாம். ஒருத்தி மலைக்கு, இன்னொருத்தி கடலுக்கு. இவள் இத்தனை வருடமாக, ரொம்மனுக்கு, தம்பி வீட்டுக்கு என்று சொல்லிக் களைத்துப்போனாள். ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் சமையலறை யன்னலைத் திறந்தால் ரொம்மன் தெரியும். அதைப் பயணம் என்று எத்தனை தடவைதான் சொல்ல முடியும்?

வாங்கியதும் முதல் வேலையாக அதை மந்திரிக்கவேண்டும் என்றாள். பாதர் வந்தார். தீர்த்தம் தெளித்து எஞ்சினை மந்திரித்தார், நாலு சில்லையும் மந்திரித்தார், அடுப்பைக்கூட மந்திரித்தார். கட்டிலுக்குக் கீழே ஒளிந்திருந்த ஹீற்றரை அவருக்கு யாரும் காட்டவில்லை. பின்னால் இது குடும்பத்தில் பெரிய விவாதமாக வரும் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது வேலை, மாதா சுரூபத்துக்கு இடம் பார்ப்பது. அதற்கு மச்சான் வந்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பஸ் ஓட்டுகிறான். பஸ்ஸைத் தவிர உலகத்திலுள்ள எல்லாவற்றையும் தானே திருத்துவான். பஸ்ஸைத் தொட முதலாளிமார் விடுவதில்லை, அதனால் அது ஓடுகிறது. படுக்கிறவரின் கால் சுரூபத்தை நோக்கி நீளக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பூபில் செய்த ஜெர்மன்காரனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பின்கட்டிலில் படுத்தால் கால் முன்பக்கம். மேசையை மடித்துப் போடுகிற கட்டிலில் படுத்தால் கால் கதவுப்பக்கம். மச்சான் இரண்டு கட்டிலிலும் சப்பாத்தோடு படுத்துப் பார்த்து, காலை நீட்டி மடக்கி ஆராய்ந்தான். கடைசியில் அலுமாரியின் பக்கச் சுவரில் ஒரு சாண் இடம் மட்டும் எந்தக் காலுக்கும் எட்டாமல் மிஞ்சியது. அதில் ஒரு சின்னத் தட்டு அடித்தான். தட்டுக்கு மேலே, சுவரில், சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளையாக ஒன்று இருந்தது.

"இதென்ன?" என்று கேட்டேன்.

"ஸ்க்ரூ மூடி அத்தான். வடிவுக்கு வைச்சிருக்கிறாங்கள்" என்றான். மச்சானிடம் பதில் இல்லாத கேள்வியை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஒக்டோபர் விடுமுறையில் முதல் பயணம் போனோம். நானும் மனைவியும் மட்டும். மகள் அப்போதுதான் டொக்டருக்குப் படித்து முடித்து, வடக்கே ஒரு மலையூர்ச் சிறிய ஆஸ்பத்திரியில் முதல் வேலைக்குப் போயிருந்தாள். நாங்கள்தான் கொண்டுபோய் விட்டுவந்தோம். அவளுக்கு எந்த ஆஸ்பத்திரி கிடைத்தது என்பது குரோருட்டிலிருந்து மன்னார் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். என் மனைவி அதைச் சொல்லாத ஆள் இருந்தால், அந்த ஆள் அவளை இன்னும் சந்திக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு ஏரிக்கரையில் நிறுத்தினோம். வெளியே உறையத் தொடங்கியிருந்தது. ஹீற்றரைப் போட்டேன். காஸில் எரிகிற ஹீற்றர் அது. எரிகிற சூட்டை ஒரு காற்றாடி குழாய்கள் வழியாக ஊதி அனுப்பும். உர் என்று ஊதியது. கொஞ்ச நேரத்தில் சட்டையைக் கழற்றுகிற அளவுக்குச் சூடு. கிழவர் பொய் சொல்லவில்லை என்று நினைத்தேன். பொழுதுபட்டதும் மனைவி மாதாவுக்கு முன்னால் குப்பி மெழுகுதிரியைக் கொளுத்தினாள். செபமாலை மாதம் என்பதால் முழுச் செபமாலை, அதன் பிறகு மாதா பிரார்த்தனை, அதன் பிறகு அவளது சொந்த விண்ணப்பங்கள். செபமாலையின் முதல் பத்து மணிகளைச் சொல்லி முடிப்பதற்குள் ஹீற்றர் நின்றது. காற்றாடிச் சத்தம் அடங்கி வண்டிக்குள் கோயில் மாதிரி அமைதி வந்தது. செபத்துக்கு மரியாதையாக நான்தான் நிறுத்தினேன் என்று நினைத்து மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படிப் பாசமான பார்வை எனக்குக் கிடைத்துப் பல வருடம். அதை இழக்க மனமில்லாமல் நான் வாயைத் திறக்கவில்லை.

பிரார்த்தனை முடிகிறபோது மூச்சு புகையாகத் தெரிந்தது. ஹீற்றரின் பொத்தானைத் திருப்பினேன், அமத்தினேன், தட்டினேன். அசைவில்லை.

"நிண்டுபோச்சு" என்றேன்.

"அப்ப நீங்கள் நிப்பாட்டேல்லையே?" என்றாள். பாசப் பார்வை அத்தோடு போயிற்று. "இஞ்சாருங்கோ, பாதர் உதை மந்திரிக்கேல்லை. நான் அப்பவே நினைச்சனான். இன்னொரு செபமாலை சொல்லுவம்."

சொன்னோம். போர்வையைச் சுற்றிக்கொண்டு, பற்கள் தந்தியடிக்க, இன்னொரு முழுச் செபமாலை. முடித்து, அவள் மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு, கட்டிலில் ஏறிப் போர்வையை இழுத்தாள். உர் என்று ஹீற்றர் பிடித்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "கண்டீங்களே?" என்றாள். கண்டேன். இருபது வருடமாகக் கோயில் கடைசி வாங்கில் இருந்து கைபேசி பார்க்கிற மனிதன், அன்றைக்கு அதைக் கண்ணால் கண்டேன்.

அடுத்த நாளும் அப்படியே. மாலைச் செபத்தில் நிற்கும், கூடுதல் செபம் சொன்னால் ஓடும். எங்கள் வண்டி பாதி காஸிலும் பாதி செபமாலையிலும் ஓடுகிறது என்ற முடிவுக்கு வந்தோம். வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி இதைச் சாட்சியமாகச் சொல்லத் தொடங்கினாள். ஒரு அன்ரி வந்து ஹீற்றரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இது இப்படியே பகிடியாகப் போயிருக்கும். மகள் தொலைபேசி எடுத்தாள்.

நத்தாருக்குத் தனக்கு வக்த், அதாவது முறைவேலை, என்றாள். இருபத்துநாலும் இருபத்தைந்தும் ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். புதிதாக வந்தவர்களுக்குத்தான் அந்த நாள்கள் விழுமாம். தை மாதம் வருகிறேன் என்றாள். மனைவி ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை, வேலைதானே முக்கியம் என்று நல்லாகத்தான் கதைத்தாள். வைத்த பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கழுவுவதற்கு ஒரு கோப்பையும் இல்லை. அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒரு நத்தாரும் அவள் இல்லாமல் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

அன்றைக்கே மனைவி முடிவெடுத்தாள். மகள் வராவிட்டால் நாங்கள் போவது. போனால் எங்கே தங்குவது? மகளுக்கு ஆஸ்பத்திரி விடுதியில் ஒரு அறை, ஒற்றைக் கட்டில், விருந்தினர் இரவு தங்கக்கூடாது. அந்த ஊரில் இருக்கிற ஒரேயொரு ஹோட்டல் நத்தாருக்குப் பூட்டு. விருந்தினர் வருகிற ஒரே காலத்தில் ஹோட்டலைப் பூட்டிவிட்டுப் போகிற நாடு இது. விடுதியில் இடமில்லை என்ற கதையை வருடாவருடம் கோயிலில் கேட்கிறோம், எங்களுக்கே நடக்கும் என்று நினைத்தோமா?

"பூபிலிலை போவம்" என்றாள். "ஆஸ்பத்திரிக் கார் பார்க்கிலை விட்டிட்டுப் படுப்பம். அவளுக்கு நேரம் கிடைக்கேக்கை வந்து எங்களோடை சாப்பிடட்டும்."

மகளிடம் சொன்னோம். அவள் உடனே வேண்டாம் என்றாள்.

"அம்மா, இஞ்சை மைனஸ் இருபதுக்குக் கீழை போகுது. உங்கடை ஹீற்றர் செபத்திலைதான் ஓடுது எண்டு நீங்களே சொன்னீங்கள். விறைச்சு வந்த ஆக்களை நான் இஞ்சை பாத்தனான். உங்களை அப்பிடிப் பாக்க எனக்கு ஏலாது."

"அப்ப ஹீற்றரைத் திருத்தினால்?" என்று மனைவி கேட்டாள்.

"ஒரு நாள் முழுக்க, செபம் ஒண்டும் இல்லாமல், நிக்காமல் ஓடினா வாங்கோ. இல்லாட்டி வேண்டாம். அப்பா, நீங்கள் எனக்குச் சத்தியம் பண்ணவேணும்."

சத்தியம் பண்ணினேன். இப்படித்தான் எங்கள் நத்தார், கட்டிலுக்குக் கீழே இருந்த ஒரு தகரப் பெட்டியின் கையில் போய் விழுந்தது.

மச்சான் களத்தில் இறங்கினான். இணையத்தில் யாரோ ஒரு ஒஸ்திரேலியாக்காரன் பாலைவனத்தில் நின்று ஹீற்றர் திருத்துகிற காணொளியைப் பார்த்துவிட்டு வந்தான். முதலில் பற்றறியில் பிழை என்றான். புதுப் பற்றறி போட்டோம். மாலைச் செபத்தில் நின்றது. பிறகு, காஸ் வருகிற அமுக்கத்தைக் கட்டுப்படுத்துகிற கருவியில் பிழை என்றான். மாற்றினோம். மாலைச் செபத்தில் நின்றது. பிறகு வெளிச்சுவரில் புகை போகிற வாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது என்றான். உண்மையாகவே கட்டியிருந்தது. அந்தச் சிலந்தியைக் கண்டபோது மச்சானின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். கொலைகாரனைப் பிடித்த பொலிஸ்காரன்கூட அப்படி நிமிர்ந்து நின்றிருக்கமாட்டான். சிலந்தியை வெளியேற்றினோம். மாலைச் செபத்தில் நின்றது.

"பிழை இருந்தா சிவப்பு லைற் பத்தவேணுமே, பத்தேல்லை" என்றேன் நான்.

"அப்ப லைற்றிலையும் பிழை, அத்தான்" என்றான்.

சூட்டுக் குழாய்களையும் கழற்றினான். உள்ளேயிருந்து பழைய சொந்தக்காரரின் நாய் மயிர் ஒரு தலையணைக்குக் காணுமளவு வந்தது. ஒற்றைக் காலுறை ஒன்றும் வந்தது. நோயாளி இன்னும் மோசமானார் என்பதைத் தவிர அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பலன் இல்லை. திரும்பப் பூட்டியபோது ஒரு குழாய் மிஞ்சியது. அது கூடுதலாக வைத்தது என்றான் மச்சான்.

வேறு வழியில்லாமல் குரோருட்டுக்கு அப்பால் இருக்கிற ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டோம். விடுவதற்கு முன் மனைவி சுரூபத்தையும் மெழுகுதிரியையும் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டாள். அந்நியன் கை படக்கூடாது. பட்டறைக்காரன், சரித்திரத்தில் தான் திருத்தாத ஹீற்றர் இல்லை என்கிற மாதிரி நடந்தான். மிஞ்சிய குழாயை அதன் இடத்தில் போட்டான். ஒரு பகல் முழுக்க ஓடவிட்டான். நிற்கவேயில்லை. எல்லாம் ஒழுங்கு என்றான். நான் மாலையில்தான் நிற்கும் என்றேன். ஹீற்றருக்குக் காலை மாலை தெரியாது என்றான். நான் விடவில்லை. கடைசியில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கம்பளி உள்ளாடை போடுகிறீர்களா என்று கேட்டான். மைனஸ் இருபத்தைந்தில் வேலை செய்கிறவனிடம் கேட்டான். நான் நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். மனைவி சுரூபத்தைத் திரும்ப வைத்தாள், நன்றிச் செபத்துக்கு மெழுகுதிரியைக் கொளுத்தினாள், ஹீற்றர் நின்றது.

மார்கழி பிறந்தது. மனைவி நத்தாருக்குப் பலகாரம் சுடவில்லை. கேக்குக்கு முந்திரிகை வற்றல் ஊறப்போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஆருக்கு?" என்றாள். சண்டை பிடித்தால் தாங்கலாம். அவள் பிடிக்கவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், மகளோடு கதைக்கும்போது மட்டும் குரலை உயர்த்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். மச்சானுக்குச் சொல்லவில்லை. நல்ல குளிர். எங்கள் கட்டடத்து வாகனத் தரிப்பிடத்தில், வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த வெப்பமானியை மேசைக்கு மேலே தொங்கவிட்டு, ஹீற்றரைப் போட்டுவிட்டு முன்னால் இருந்தேன். இருபத்திரண்டில் வைத்தால் இருபத்திரண்டில் நின்றது. கூடினால் ஓய்ந்தது, குறைந்தால் ஊதியது. பகல் முழுக்க அப்படித்தான். இவ்வளவு ஒழுக்கமான ஒன்றை நான் எங்கள் குடும்பத்தில் கண்டதில்லை. பொழுதுபடுகிற நேரம் மனைவி போத்தலில் தேத்தண்ணியோடு வந்தாள்.

"ஓடுதே?"

"காலமையிலையிருந்து நிக்கேல்லை."

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "மாதாவே" என்றாள். "இஞ்சாருங்கோ, ஒரு சின்ன நன்றி சொல்லுவம். ஒரு பத்து மட்டும்." மெழுகுதிரியைக் கொளுத்தி, முழந்தாளில் இருந்து, கண்ணை மூடினாள்.

ஹீற்றர் நின்றது. கட்டுப்பாட்டுப் பலகையில், உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டுகிற பொத்தான் ஒன்று உண்டு. குளிரைப் பற்றி எனக்குப் பொத்தான் சொல்வதா என்று நான் அதைத் தொட்டதில்லை. அன்றைக்கு ஆத்திரத்தில் அமத்தினேன். முப்பத்தொன்று என்று காட்டியது. என் வெப்பமானியைப் பார்த்தேன். பத்தொன்பது, இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று பாகை இந்த வண்டிக்குள் எங்கே இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன். மெழுகுதிரிச் சுவாலைக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில், மச்சானின் ஸ்க்ரூ மூடி. வெள்ளையாக இருந்தது இப்போது புகை பிடித்துக் கறுத்திருந்தது. விரலால் தொட்டேன், சுட்டது. வண்டிக்குள் இருக்கிற சூட்டை அளந்து ஹீற்றருக்குச் சொல்கிற காது அது. நாங்கள் அதன் காதடியில் நெருப்பைக் கொளுத்தி வைத்துவிட்டு, ஏன் ஹீற்றர் நிற்கிறது என்று மாதாவைக் கேட்டிருக்கிறோம். செபம் முடிந்து மெழுகுதிரியை அணைத்தால் அது ஆறும், ஹீற்றர் திரும்ப ஓடும். கூடக் குளிர்ந்தால் கூடச் செபம், கூடச் செபம் என்றால் கூட மெழுகுதிரி, கூட மெழுகுதிரி என்றால் கூடக் குளிர்.

என் வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்ததில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து சேர்த்து வைத்த பகிடி எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. திரும்பி அவளைப் பார்த்தேன். கண்ணை மூடியபடி, உதடு அசைய, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நின்றுபோன ஹீற்றரின் அமைதியில் அவள் முணுமுணுப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என்ரை பிள்ளையிட்டை போகவிடுங்கோ தாயே, அவ்வளவுதான், போகவிடுங்கோ. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு பத்து என்று சொல்லித் தொடங்கியவள் முழுச் செபமாலையும் சொன்னாள். நானும் பக்கத்தில் முழந்தாளில் இருந்து பதில் சொன்னேன். சேர்ந்துபோன பகிடியை விழுங்க எனக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

முடிந்த பிறகு மெதுவாகக் காட்டினேன். ஸ்க்ரூ மூடியை, புகையை, இரண்டு வெப்பத்தையும். மெழுகுதிரியை அணைத்துக் காட்டினேன். ஹீற்றர் பிடித்தது. கொளுத்திக் காட்டினேன். நின்றது. அவள் சேலைத் தலைப்பில்லாததால் குளிர்கோட்டின் கையால் அந்தக் கறுத்த மூடியைத் துடைத்தாள்.

"மாதா சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறா" என்றாள். "எனக்குத் தலைக்கு மேலை வெக்கையா இருக்கு எண்டு, ஒவ்வொரு நாளும். நீங்கள் ரண்டு ஆம்பிளையளும்தான் பற்றறி மாத்தினீங்கள்."

பகிடி விடுகிற உரிமை குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன்.

தட்டைக் கழற்றி எதிர்ச்சுவரில் அடித்தோம். அங்கே கால் நீளும். அதனால் நாங்கள் தலைமாட்டை மாற்றி, கழிப்பறைக் கதவோரம் தலை வைத்துப் படுப்பது என்று முடிவாயிற்று. மச்சானிடம் சொன்னபோது, தனக்கு முதலிலேயே அந்த மூடியில் சந்தேகம் இருந்தது என்றான். அடுத்த விடுமுறை நாளில் காலை தொடங்கி மறுநாள் காலை வரைக்கும், செபத்தோடும் செபம் இல்லாமலும், ஹீற்றர் நிற்காமல் ஓடியது. சத்தியத்தின்படி மகளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"அப்பிடியே?" என்றாள். அவ்வளவுதான். களைப்பாக்கும் என்று மனைவி சொன்னாள். அன்றைக்கே மாவை வறுக்கத் தொடங்கிவிட்டாள்.

இருபத்துநாலாம் திகதி, வாழ்க்கையில் முதல் தடவையாக நத்தார்ப் பூசையை விட்டுவிட்டு வடக்கே ஓடினோம். "பாலன் அங்கையும் பிறப்பார்" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில், பனிக்கும்பிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியபோது பின்னேரம் இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே நல்ல சூடு. மனைவி புட்டு அவித்தாள், ஆட்டிறைச்சிக் கறியைச் சூடாக்கினாள். ஆஸ்பத்திரிக்குள் போகிற நோர்வேக்காரர் ஒவ்வொருவரும் எங்கள் வண்டியைக் கடக்கும்போது ஒருதரம் நின்று மூச்சிழுத்துவிட்டுப் போனார்கள்.

மகள் வந்தாள். வெள்ளை உடுப்புக்கு மேலே ஒரு ஜாக்கெட், காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு, பனிக்குள் ஓடி வந்தாள். ஒரு மணித்தியாலம்தான் இருக்கலாம், கைபேசி அடித்தால் ஓடவேண்டும் என்றாள். தாயைக் கட்டிப்பிடித்தாள். அவள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று நான் பகிடி விடாமல் வாயை அடக்கிக்கொண்டேன். மெலிந்திருந்தாள். சூடு வருகிற குழாய்வாயில் முதுகைக் கொடுத்து நிலத்தில் இருந்துகொண்டு, சிறுபிள்ளை மாதிரிக் கையால் அள்ளிச் சாப்பிட்டாள். ஒரு பீங்கான் முடித்து இன்னொன்று கேட்டாள்.

"உவ்வளவு ஆசையை வைச்சுக்கொண்டு ஏன் பிள்ளை வரவேண்டாம் எண்டனீ?" என்று மனைவி கேட்டாள். "ஹீற்றர் பிழையெண்டதாலை பயந்திட்டியே?"

மகள் தலையை ஆட்டினாள். பிறகு பீங்கானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஹீற்றர் திருத்தேலாமப் போகோணும் எண்டு நினைச்சனான், அம்மா. நீங்கள் என்னை இஞ்சை கொண்டுவந்து விட்டிட்டுப் போனாப்பிறகு, ஒரு கிழமை எனக்கு எழும்ப ஏலாமல் இருந்தது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் வந்தா திரும்பிப் போவீங்கள்தானே."

அவள் மனைவியின் மடியில் முகத்தை வைத்தாள். மனைவி எண்ணெய்க் கையோடு அவளுடைய தலையைத் தடவினாள். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறவன் நான். காஸ் முடியுது போலை, பாத்திட்டு வாறன் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து பனிக்குள் இறங்கினேன். அன்று காலையில்தான் புதுச் சிலிண்டர் மாட்டியிருந்தேன். அது மனைவிக்கும் தெரியும்.